வெந்நீரில் சுருண்டது

பல்லிலிருந்து க்ளிப்பைக் கழற்றிய பிள்ளைகளுக்கு ஜோசலின் ஒரு பாடம் நடத்துவாள். நான்கு நிமிடம் ஓடும். தெற்கு ஆஸ்திரேலியாவில், வைக்கெரி என்ற சிற்றூரில் இருக்கும் பல் சீரமைப்பு கிளினிக்கில் அவளுக்குப் பதினோரு வருடச் சர்வீஸ். அந்த ஊரில் வரிசைப் பல் தெரியச் சிரிக்கிற இளசுகளில் பாதிப் பேர் அந்தப் பாடத்தைக் கேட்டவர்கள்தான்.

"இதுக்குப் பேரு ரிடெய்னர். பார்க்கத்தான் கண்ணாடி, பிளாஸ்டிக்தான். ரெண்டு வருஷம் கம்பி போட்டு இழுத்த பல்லு, இது இல்லேன்னா ரெண்டே மாசத்துல பழைய இடத்துக்கு நடந்து போயிடும். சாப்பிடறப்போவும் விளையாடறப்போவும் மட்டும் கழட்டு. கழட்டினா, ஒண்ணு வாயில இருக்கணும், இல்லேன்னா பெட்டியில இருக்கணும். மூணாவது இடம் கிடையாது. டிஷ்யூல சுத்தி வச்சா குப்பைக்குப் போயிடும். நாய்கிட்ட மாட்டினா அதுக்கு அது பிஸ்கட். பச்சைத் தண்ணியில மெல்லிசு ப்ரஷ்ஷால தேய். வெந்நீர் மட்டும் ஆகவே ஆகாது, சுருண்டுடும்."

பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள். அவள் விடமாட்டாள். பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து மூடச் சொல்லி, 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு இறங்க விடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தன் வீட்டுப் பெண்ணின் ரிடெய்னர் மேலேயே கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். அதோடு போயிருந்தால் வெறும் கைத்தவறு. அதற்கப்புறம் பத்து நிமிடத்தில் அவள் செய்ததுதான் அவளைத் தின்றது.

ஃப்ரேயா அவள் பெற்ற பெண் இல்லை. கணவன் டாரலின் மகள். டாரல் ஆற்றோரம் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருப்பவன். ஃப்ரேயாவின் அம்மா பிரிந்துபோய் பெர்த்தில் இருக்கிறாள். பதினோரு வயதுப் பெண்ணை க்ளிப் போட அழைத்து வந்தபோது டாரலின் சட்டைக் காலரில் ஆரஞ்சு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் கம்பி முறுக்க வந்தபோது இலை இல்லை. அதற்கடுத்த மாதம் சட்டைக்கு இஸ்திரி. ஐந்தாவது மாதம், வாயில் பஞ்சு வைத்திருந்த ஃப்ரேயா அதைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"ஏம்ப்பா, பல்லு எனக்குத்தானே கட்டறாங்க? நீ எதுக்கு சென்ட் அடிச்சிட்டு வந்திருக்கே?"

டாரலின் காது சிவந்தது. ஜோசலின் கையில் இருந்த குறடு நழுவி விழுந்தது. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது அந்தக் குறடு விழுந்த சத்தத்தில்தான் என்று டாரல் இன்றைக்கும் சொல்வான்.

கல்யாணமாகி ஒன்றரை வருடம். முதல் ஆறு மாதம் ஃப்ரேயா அவளிடம் மரியாதையாகவே இருந்தாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டை போட ஆரம்பித்தாள். குளியலறையில் ஈரத் துண்டைப் போட்டாள். போன மாதம் பள்ளிக்கூடப் படிவத்தில், அவசரத்துக்கு யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் ஜோசலினின் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டு, "அப்பா போனை எடுக்கவே மாட்டாரு, அதான்" என்று சொல்லி நீட்டினாள். ஜோசலின் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, துணி உலர்த்தும் இடத்துக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃப்ரேயா ஆடுவது நெட்பால், கூடைப்பந்து மாதிரி ஒரு ஆட்டம். அந்தச் சனிக்கிழமை, பெற்றோர் முறை வைத்துப் பார்க்கும் மைதானத்துக் கேன்டீனில் ஜோசலினின் முறை. அங்கே ஜூலைதான் குளிர்காலம், குளிர் எலும்பைக் குடைந்தது. ஃப்ரேயா ஆட்டத்துக்கு முன்னால் வந்து, ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் ஒன்றை நின்றபடியே விழுங்கிவிட்டு, ரிடெய்னர் பெட்டியை ஜன்னல் பலகையின் மூலையில் வைத்தாள். வாரா வாரம் அது இருக்கும் இடம் அதுதான். பல்லில் அடிபடாமல் இருக்க ரப்பர் காப்பை வாயில் மாட்டிக்கொண்டு ஓடிப்போனாள்.

கூட்டம் குறைந்த நேரத்தில் ஜோசலினின் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ரிடெய்னர் எச்சில் காயாமல், ஓரத்தில் தக்காளி சாஸோடு கிடந்தது. கழுவாமலே போட்டிருக்கிறாள்! கிளினிக் புத்தி எட்டிப் பார்த்தது. ஒரு வெள்ளைக் கோப்பையில் ஒரு மிடறு பச்சைத் தண்ணீர் விட்டு அதில் ஊறப் போட்டாள். கழுவு தொட்டி நிறையப் பாத்திரம். அதனால் கோப்பையை மேசைக் கோடியில் வைத்தாள்.

அந்த மேசையில்தான் பெவ் கோப்பைகளை அடுக்குவாள். கேன்டீனை இருபது வருடமாக ஆளும் பெவ்வுக்கு ஒரு முறை உண்டு. ஆட்டம் முடியும் விசில் கேட்டதும் நடுவர்களுக்கும் ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கும் முதல் தேநீர். இருபது கோப்பையை ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் தேயிலைப் பையைப் போட்டு, பாய்லரில் இருந்து பெரிய கெட்டிலில் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். "நின்னா ஆறிடும் கண்ணு" என்பாள்.

விசில் ஒலித்தது. ஜோசலின் ஊற்றிக்கொண்டே போனாள். கடைசிக் கோப்பையில் தேயிலைப் பை இல்லை என்று கண் பார்த்தது, கை நிற்கவில்லை. ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. கரண்டியை விட்டுத் தூக்கினாள். பல் வரிசை போல அழகாக வளைந்திருந்த பிளாஸ்டிக், தீயில் விழுந்த இலையாகச் சுருண்டு, ஒரு முனை இன்னொரு முனையைத் தொட்டுக்கொண்டு வந்தது.

பெவ் அந்தப் பக்கம் திரும்பி சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜோசலின் அதை ஏப்ரன் பைக்குள் போட்டாள். மறைப்பதற்காகப் போடவில்லை. அப்போது சத்தியமாக அப்படி நினைக்கவில்லை. ஃப்ரேயா வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், திங்கட்கிழமையே புதுசுக்கு ஏற்பாடு செய்துவிடலாம் என்றுதான் போட்டாள்.

ஃப்ரேயா தனியாக வரவில்லை. ஜெயித்த குஷியில் முழு அணியோடு வந்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, பெட்டியை எடுத்து ஒற்றைக் கையால் திறந்தாள்.

"ஜோஸ், இது காலியா இருக்கே."

ஜோசலின் வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் தேநீர் வரிசையில் நின்ற ட்ரூடி முந்திக்கொண்டாள். அவள் மகனுக்குப் போன வாரம்தான் க்ளிப் கழற்றி, நான்கு நிமிடப் பாடமும் நடந்திருந்தது.

"அடடே! வாத்தியார் வீட்டுலயேவா? என் பையன்கிட்ட மட்டும், வாயில இல்லேன்னா பெட்டியிலன்னு அந்த விரட்டு விரட்டினே!"

வரிசையே சிரித்தது. பெவ்வும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஜோசலினின் வாயிலிருந்து வந்தது வேறு.

"மறுபடியும் டிஷ்யூல சுத்தி வச்சியா, ஃப்ரேயா?"

கேள்விதானே, பொய் இல்லையே என்று அந்த நொடியிலேயே அவள் மனது ஒரு சால்ஜாப்பு சொன்னது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பள்ளிக்கூட முகாமில் ஃப்ரேயா முதல் ரிடெய்னரை டிஷ்யூவில் சுற்றிவைத்துத் தொலைத்திருந்தாள்.

ஃப்ரேயாவின் முகத்தில் இருந்த சிவப்பு வடிந்தது. "இல்ல... பெட்டியிலதான் வச்சேன். வச்சேன்னு நினைக்கிறேன். சாசேஜ் சாப்பிட்டேன்ல, டிஷ்யூ கையில இருந்துது..."

"அந்த டிஷ்யூவை என்ன பண்ணினே?" என்றாள் பெவ்.

"குப்பைத் தொட்டியில போட்டேன்."

"அப்போ தொட்டியிலதான் இருக்கு. இந்தா கண்ணு, கையுறை மாட்டிக்க. வண்டி வந்து அள்ளிட்டுப் போறதுக்குள்ள பாரு."

அதற்கப்புறம் நடந்ததை ஜோசலின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்று பெரிய தொட்டிகள். ஃப்ரேயா முதல் தொட்டியைச் சாய்த்து, தோள் வரை கையை விட்டாள். நைந்த சிப்ஸ், தேயிலைப் பை, சாஸ் பூசிய காகிதம், பாதி கடித்த சாசேஜ். ஒவ்வொரு டிஷ்யூவையும் பிரித்துப் பார்த்தாள். தோழிகள் இரண்டு பேர் கொஞ்ச நேரம் உதவினார்கள், பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். தோற்றுப்போன எதிரணிப் பெண்கள் பேருந்துக்குப் போகும் வழியில் நின்றார்கள்.

"ஏய், குப்பைக் கொக்கு! லஞ்ச் கிடைச்சுதா?"

பூங்காத் தொட்டிகளைக் கிளறும் நீண்ட மூக்குப் பறவைக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது. எதிரணி மொத்தமும் சிரித்தது. ஃப்ரேயாவின் சொந்த அணியிலும் யாரோ சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. இரண்டாவது தொட்டியைச் சாய்த்தாள்.

ஏப்ரன் பைக்குள் இருந்தது இன்னும் ஈரமாக இருந்தது. அதன் முனை ஜோசலினின் தொடையில் குத்தியது. இப்போது போ, இப்போது போ என்று கால் சொன்னது. போனால் என்ன சொல்வது? அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் சொல்லியிருக்கலாம், ஐந்து நிமிடத்துக்கு முன் இன்னும் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். நேரம் ஆக ஆக அது பெரிதாகிக்கொண்டே போனது. அவள் அடுத்த வரிசைக் கோப்பைகளுக்குத் தேயிலைப் பை போட்டாள்.

வீட்டில் டாரல் சத்தம் போடுகிறவன் இல்லை. அன்றைக்குப் போட்டான்.

"ரெண்டாவது தடவை ஃப்ரேயா! மூணு மாசத்துல ரெண்டாவது! ஜோஸ் படிச்சுப் படிச்சு சொல்றா. உனக்கு ஒரு பொருள் மேல அக்கறை இருக்கா? அடுத்த வெள்ளிக்கிழமை அடிலெய்டு கிடையாது. போ."

அடிலெய்டில் மாநில அளவு நெட்பால் போட்டி. வட்டாரம் முழுவதிலும் பத்துப் பெண்களைத்தான் எடுத்திருந்தார்கள். வைக்கெரியிலிருந்து ஃப்ரேயா ஒருத்திதான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் ஜோசலினுக்குத் தாங்கியிருக்கும்.

"சாரிப்பா. சாரி ஜோஸ். உனக்கு எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் போச்சுல்ல, என்னால?"

ஜோசலின் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினாள். "விடு டாரல், அடிலெய்டுக்குப் போகட்டுமே" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"நீ அவளுக்கு ரொம்ப இடம் கொடுக்கறே" என்றான் டாரல், அன்பாக அவள் கையைத் தட்டி.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் ஏப்ரனைத் துவைத்தாள், காயப்போட்டாள், மடித்தாள். சுருண்டது அவள் காரின் டாஷ்போர்டு அறைக்குள், சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. அதை எறிந்துவிட ஒரு தடவை கையில் எடுத்தாள். எறிந்துவிட்டால் தானும் ஒரு நாள் தன் பொய்யை நம்பிவிடுவாளோ என்று பயந்து திரும்ப வைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஃப்ரேயாவை கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். டாக்டர் ஃபென்விக் அடிலெய்டிலிருந்து மாதம் நான்கு நாள்தான் வருவார். வாயை ஸ்கேன் எடுத்து அனுப்பினால் போதும், வியாழக்கிழமைக்குள் புது ரிடெய்னர் கூரியரில் வந்துவிடும் என்று போனில் சொல்லியிருந்தார். ஸ்கேன் எடுப்பது ஜோசலினின் வேலை.

ஃப்ரேயா நாற்காலியில் படுத்தாள். ஜோசலின் உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தி, பல்லின் ஈரத்தைக் காற்றால் உலர்த்தி, ஸ்கேன் கோலை உள்ளே நகர்த்தினாள். திரையில் பல் ஒவ்வொன்றாக உருவானது. எல்லாம் அவள் கண் முன்னால் நேரான பற்கள். ஈறில் உயரமாக முளைத்திருந்த கோரைப்பல் ஒன்று வரிசைக்கு இறங்கி வர ஒன்பது மாதம் ஆனது. அது வந்து சேர்ந்த அன்றைக்கு இருவரும் கை தட்டிக்கொண்டார்கள்.

"இடம் மாறல. நல்லவேளை" என்றாள்.

பதில் சொல்ல முடியாத வாயோடு ஃப்ரேயா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கி இரண்டு காதுக்குள்ளும் போனது. ஜோசலின் கோலை எடுத்து, வளையத்தைக் கழற்றினாள்.

"வலிச்சுதா?"

"இல்ல." ஃப்ரேயா கையால் காதைத் துடைத்தாள். "ஸ்கூல்ல எல்லாம் குப்பைக் கொக்குன்னுதான் கூப்பிடறாங்க. அது பரவாயில்ல. ஆனா ஜோஸ், உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சிரிக்கமாட்டேன்."

"எனக்கு அதைப் பெட்டியில வச்சது ஞாபகம் இருக்கு. மூடினது ஞாபகம் இருக்கு. அந்த 'டக்' சத்தம் கூடக் கேட்டேன். ஆனா அது நடக்கலேல்ல? அப்போ நடக்காதது எப்படி ஞாபகம் இருக்கும்? நேத்துலேர்ந்து எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்க்கறேன். கேஸை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு. எனக்கு மண்டையில ஏதாவது கோளாறா?"

ஜோசலின் உருள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது ஓரடி பின்னால் உருண்டது, அவள் தள்ளாமலே. இதுவரை அவள் தன்னைப் பற்றித்தான் பயந்திருந்தாள். ஃப்ரேயா தன்னை வெறுத்துவிடுவாளோ, அந்தப் படிவத்தில் பெயரை அடித்துவிடுவாளோ என்று. இந்தப் பெண்ணிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"உன் மண்டையில ஒண்ணும் கோளாறு இல்ல" என்றாள். "நீ பெட்டியிலதான் வச்சே. மூடினே. நான்தான் எடுத்தேன்."

"என்னது?"

"சாஸ் ஒட்டியிருந்துதுன்னு கழுவறதுக்கு எடுத்தேன். கோப்பையில ஊறப் போட்டேன். டீ ஊத்தறப்போ மறந்துபோய் அதுலயும் வெந்நீரை ஊத்திட்டேன். சுருண்டுபோச்சு. நீ வந்தப்போ அது என் ஏப்ரன் பையில இருந்துது."

ஃப்ரேயா எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் மாட்டிய காகித விரிப்பு அப்படியே தொங்கியது.

"நான் தொட்டியில தேடினப்போவா?"

"ஆமா."

"அப்பா திட்டினப்போ?"

"அப்பவும் சொல்லல."

ஃப்ரேயா அவளை ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு விரிப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு இறங்கினாள்.

"நான் உங்கிட்ட சாரி கேட்டேன்" என்றாள். கத்தவில்லை. "உங்கிட்டப் போய் சாரி கேட்டேன்!"

கண்ணாடிக் கதவு ஆடி ஆடி நின்றது. வீடு மூன்று கிலோமீட்டர். நடந்தே போனாள். ஜோசலின் ஸ்கேனை அனுப்பிவிட்டு, நாற்காலியைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போனாள். டாரல் சமையலறையில் தொப்பியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஃப்ரேயா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

ஜோசலின் சுருண்டதை மேசை மேல் வைத்தாள். டாரல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சனிக்கிழமையே எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, ஜோஸ்."

"சொல்லியிருக்கலாம்."

"எனக்குப் பயந்தியா?"

"உனக்கு இல்ல. அவளுக்கு. இப்பதான் ஒட்ட ஆரம்பிச்சா. ஒரு தப்புப் பண்ணினா, 'எவளோ ஒருத்திதானே'ன்னு ஆயிடுவேனோன்னு... அதை மறைக்கப்போய் நிஜமாவே எவளோ ஒருத்தி மாதிரி நடந்துக்கிட்டேன்."

டாரல் ஆறுதல் சொல்லவில்லை. கையையும் தட்டவில்லை. "நானும் கேக்காமலே குதிச்சேனே" என்று எழுந்து, மகளின் அறைக் கதவைத் தட்டப் போனான். உள்ளே இருவரும் பேசுவது கேட்டது. அவன் குரல் உடைவதும் கேட்டது. ஜோசலின் அங்கே போக உரிமை இல்லாதவளாக வெங்காயம் உரித்தாள். கொஞ்ச நேரத்தில் ஃப்ரேயா வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்பா அடிலெய்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்."

"உங்கிட்ட ஒண்ணு வேணும். நாளைக்கு ப்ராக்டிஸ் இருக்கு. பெவ், ட்ரூடி எல்லாரும் இருப்பாங்க. நீ வந்து சொல்லணும். அங்க. எல்லார் முன்னாடியும்."

"சொல்றேன்."

"கைதவறிப் பட்டுடுச்சுன்னு மட்டும் சொல்லி முடிச்சிடக் கூடாது. பையில வச்சுக்கிட்டே பார்த்தேன்னு சொல்லணும்."

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மைதான விளக்குகள் எரிந்தன. அணிப் பெண்கள் வட்டமாக நின்று கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பெவ் கேன்டீன் சாவிக் கொத்தோடு நின்றாள். ட்ரூடி மகளுக்காகக் காத்திருந்தாள். ஜோசலின் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் போனாள். நான்கு நிமிடப் பாடம் தடங்கலில்லாமல் வருகிற வாய், முதல் வார்த்தைக்கே தவித்தது.

"ஃப்ரேயா எதையும் தொலைக்கல" என்று தொடங்கினாள். கோப்பை, கெட்டில், ஏப்ரன் பை, எல்லாவற்றையும் சொன்னாள். "அவ தொட்டியில தேடிட்டு இருந்தப்போ அது எங்கிட்டதான் இருந்துது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். நீங்க சிரிக்கணும்னா என்னைப் பார்த்துத்தான் சிரிச்சிருக்கணும்."

பெவ்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கடைசிக் கோப்பையிலயா? ஐயையோ, அதை நான் நடுவருக்கு நீட்டியிருப்பேனே! பல்லோட சேர்த்து டீ குடிச்சிருப்பாங்க!"

இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். பெவ் நல்ல மனதோடுதான் அதைச் சொன்னாள், கஷ்டத்தைக் கரைக்கப் பார்த்தாள். ஜோசலினும் சிரித்திருந்தால் அங்கேயே அது ஒரு வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும், வருடக் கடைசி விருந்தில் சொல்லிச் சிரிக்கிற கதையாக. அவள் ஃப்ரேயாவைப் பார்த்தாள். ஃப்ரேயா சிரிக்கவில்லை. பந்தை இடுப்பில் அணைத்தபடி நின்றாள். ஜோசலினும் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்து மற்றவர்களின் சிரிப்பும் அடங்கியது.

ட்ரூடி தரையைப் பார்த்தாள். "நான் வேற நடுவுல வாயை விட்டேன்" என்று முனகினாள்.

"நீங்க கேலிதான் பண்ணினீங்க, ட்ரூடி. பொய் சொன்னது நான்."

"அப்போ நாங்க ரெண்டு நாளா இவளைக் குப்பைக் கொக்குன்னு..." என்று ஒரு பெண் தொடங்கி, ஃப்ரேயாவைப் பார்த்து நிறுத்தினாள். ஃப்ரேயா பந்தை அவள் நெஞ்சுக்கு நேராக, கொஞ்சம் வேகமாகவே எறிந்தாள்.

"முடிஞ்சுதுல்ல? வாங்க, ப்ராக்டிஸ் பண்ணலாம்."

பயிற்சி முடிந்து திரும்பும்போது ஃப்ரேயா பின்சீட்டில் ஏறினாள். எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டை மாற்றிக்கொண்டே வருகிறவள். ஜோசலின் ஒன்றும் கேட்காமல் ஓட்டினாள். இரண்டு பக்கமும் பறிப்புக்குக் காத்திருந்த ஆரஞ்சு மரங்கள் விளக்கு வெளிச்சத்தில் வந்து வந்து போயின. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் பின்கதவு திறக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் தேடினப்போ நீ என்னைப் பார்த்துட்டு இருந்தியா, இல்ல திரும்பிக்கிட்டியா?"

திரும்பிக்கொண்டேன், பார்க்க முடியவில்லை என்று சொல்லலாம். கேட்கிறவளுக்கும் அது கொஞ்சம் இதமாக இருக்கும். ஜோசலின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்துட்டேதான் இருந்தேன். ஒவ்வொரு டிஷ்யூவா நீ பிரிக்கறதைப் பார்த்தேன். சீக்கிரம் அலுத்துப்போய் விட்டுடமாட்டாளான்னு இருந்துது."

பின்னால் சீட் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது.

"அது ரொம்பக் கேவலம், ஜோஸ்."

"ஆமா."

"நீ ஆமான்னு சொல்லிட்டா நான் எப்படிச் சண்டை போடறது?"

"போடு. நான் இங்கதான் இருப்பேன்."

ஃப்ரேயா மூக்கை உறிஞ்சினாள். பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "வெள்ளிக்கிழமை யாரு வண்டி ஓட்டறது? அப்பாவுக்குப் பறிப்பு இருக்கு."

"ட்ரூடியும் அடிலெய்டு போறாங்களாம். அவங்க வண்டியில இடம் கேட்டு வச்சிருக்கேன். அதுல போயிடு."

"ட்ரூடி ரெண்டு மணி நேரமும் பேசிட்டே வருவாங்க."

"பேசுவாங்கதான்."

"நீ பேசாம ஓட்டுவியா?"

ஜோசலின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், அழுதால் அந்தப் பெண் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். "ஓட்டுவேன்" என்றாள்.

"ஆறு மணிக்குக் கிளம்பணும். நீ ஒண்ணும் எழுப்ப வேண்டாம், நானே எழுந்துப்பேன்." கதவைத் திறந்து இறங்கினாள். அறையவில்லை, சாதாரணமாக மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இது மன்னிப்பு இல்லை என்று ஜோசலினுக்குத் தெரியும். ஓட்ட ஒரு ஆள் வேண்டும், ட்ரூடியின் பேச்சிலிருந்து தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அவள் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். கால் டேங்க் இருந்தது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான், நாளைக்கும் போடலாம், நாளை மறுநாளும் போடலாம். அவள் வண்டியைப் பின்னால் எடுத்து, பெட்ரோல் பங்க் இருக்கும் பக்கமாகத் திருப்பினாள்.